பல்லுக்காரர் வீட்டு முன்பல்

என் தங்கையின் கணவரை எங்கள் தெருவில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. பல்லுக்காரர் என்றால் போதும், தபால்கூட வந்து சேர்ந்துவிடும். அவர் டாக்டர் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது, ஏனென்றால் அவரே அடிக்கடி மறந்துவிடுவார். பல் டாக்டர்கள் நோயாளியின் வாயில் அச்சு எடுத்து அனுப்புவார்கள். இவர் அந்த அச்சை வைத்துக்கொண்டு பல் செட்டும், பல்லுக்கு மேல் மாட்டுகிற கேப்பும் செய்து திருப்பி அனுப்புவார். வாய் யாருடையது, அது சிரிக்கிற வாயா திட்டுகிற வாயா என்பதெல்லாம் அவருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள ஆசைப்பட்டதும் இல்லை.

என் போட்டோ ஸ்டூடியோவுக்கு நேர் மேலே அவருடைய பட்டறை. நான் கீழே ஒரு குழந்தையை ஸ்டூலில் உட்கார வைத்து, "இங்க பாரு கண்ணு, மாமாவப் பாரு" என்று கெஞ்சிக்கொண்டிருக்கும்போதுதான் மேலே அவர் மெஷினைப் போடுவார். அந்தச் சத்தத்துக்குக் குழந்தை வீரிட்டு அழும். சண்டை போடலாமென்று மாடி ஏறினால் ஆள் நிமிர்ந்தே பார்க்க மாட்டார். மூக்கு நுனியில் கண்ணாடி, புருவமெல்லாம் வெள்ளைத் தூள், வலது கையில் மெழுகு சுரண்டும் கத்தி, இடது கையில் யாரோ ஒருவரின் தாடை. "மச்சான், இந்தக் கடைவாய்ப் பல்லப் பாருங்களேன், என்ன லட்சணமா வந்திருக்கு!" என்பார். கடைவாய்ப் பல்லில் என்னய்யா லட்சணம்? ஆனால் அதைச் சொல்லும்போது மனிதரின் முகம் மலர்ந்து கிடக்கும். கொண்டுபோன கோபத்தில் பாதியை அங்கேயே விட்டுவிட்டு இறங்கி வருவேன்.

ஓட்டை, இடைவெளி, விரிசல், இவற்றில் எதையும் அவரால் சும்மா பார்த்துக்கொண்டிருக்க முடியாது. வீட்டுச் சுவரில் ஆணி பிடுங்கிய துளை இருந்தால் பட்டறையிலிருந்து பிளாஸ்டர் கொண்டுவந்து அடைத்து, பக்கத்துச் சுவரின் நிறத்துக்கு ஷேடு பார்த்துப் பூசி, தள்ளி நின்று தலையைச் சாய்த்துப் பார்ப்பார். சட்டையில் ஒரு பொத்தான் இல்லையென்றால் எதிரில் நிற்பவர் பேசுவது அவர் காதில் ஏறாது. அந்தப் பொத்தான் இல்லாத இடத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்.

இதற்கெல்லாம் ஆரம்பம் அவருடைய வாயிலேயே இருந்தது. இளவயதில் சைக்கிளிலிருந்து விழுந்து மேல் முன்பல் ஒன்றைப் பறிகொடுத்தவர். தொழில் கற்றுக்கொண்டதும் முதலில் தனக்குத்தான் ஒரு பல் செய்து மாட்டிக்கொண்டார். அது பொய்ப் பல் என்று ஒரு ஈ காக்காய்க்கும் தெரியாது. என் தங்கைக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம் கழித்துத்தான் எங்களுக்கே தெரிந்தது. குளியலறைத் தம்ளரில் ஒரு பல் மிதப்பதைப் பார்த்து என் தங்கை போட்ட கூச்சலில் நான் கேமராவைக் கீழே போட்டுவிட்டு ஓடினேன்.

"ஏன் மாப்ள, இத முன்னாடியே சொல்லிருக்கக் கூடாதா?" என்று கேட்டேன். நியாயமாகப் பார்த்தால் கோபமாகத்தான் கேட்டேன்.

"யாரும் கேக்கலையே மச்சான். கேட்டிருந்தா சொல்லிருப்பேன்" என்றார், அசராமல்.

அவர் சிரிப்பைப் பார்த்துத்தானே நாங்கள் பெண் கொடுத்தோம்? இதை நான் சொல்லிக்காட்டாத நாள் கிடையாது. அவரும் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொள்வார். மற்றபடி வீட்டுக்கு வெளியே இந்த விஷயம் யாருக்கும் தெரியாது. தொழில் ரகசியமாம்.

இப்படிப்பட்டவருக்கு ஒரே மகள். வாயாடி. ஸ்டூடியோவுக்குள் நுழைந்தால் வந்திருக்கும் வாடிக்கையாளரை எப்படி நிற்க வேண்டும் என்று அவளே அதட்டுவாள். ஏழு வயதில் அவளுடைய மேல் முன்பால்பற்கள் இரண்டும் விழுந்தன. வலப்பக்கத்துப் பல் மளமளவென்று முளைத்து இறங்கிவிட்டது. இடப்பக்கத்தில் ஒன்றையும் காணோம்.

"உங்களுக்கு வேலை குடுக்கற டாக்டரம்மாகிட்ட ஒரு தடவ காட்டிட்டு வந்துடலாங்க" என்றாள் என் தங்கை.

"எதுக்கு? வீட்லயே ஆள் இருக்கும்போது வெளிய போய் க்யூவுல நிக்கணுமா?"

"நீங்க செய்யறது பொய்ப் பல்லு. நான் கேக்கறது நெஜப் பல்லப் பத்தி."

"பல்லு பல்லுதான்" என்று பேச்சை முடித்துவிட்டார்.

சில மாதம் பொறுத்தார். மகள் சாப்பிடும்போதெல்லாம் அந்த இடைவெளி அவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது. பள்ளிக்கூடத்தில் யாரோ கேலி செய்தார்கள் என்று அவள் ஒருநாள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு வந்து நின்றதுதான் தாமதம், ஞாயிற்றுக்கிழமை பட்டறைக் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். சாயங்காலம் அண்ணத்தில் ஒட்டி நிற்கும் ஒரு சின்னப் பிளேட்டும் அதில் ஒற்றைப் பல்லும் தயார். வலப்பக்கத்துப் பல்லில் கடுகளவு ஒரு வெள்ளைப் புள்ளி இருந்தது. இதிலும் அதே இடத்தில் அதே புள்ளி. நான் முகங்களைப் பார்த்தே பிழைப்பு நடத்துகிறவன், என் கண்ணுக்கே எது எது என்று தெரியவில்லை. பாவி, என்ன கை அது!

மகளுக்குத் தலைகால் புரியவில்லை. கண்ணாடியை விட்டு நகரவில்லை. எல்லோருக்கும் சந்தோஷம். என் தங்கை மட்டும், "உள்ள இருக்கற பல்லு வரும்போது இது இடிக்காதா?" என்று கேட்டாள். "வரும்போது கழட்டிடலாம்" என்றார். வருகிறதா என்று யார் பார்ப்பது? ஓட்டைதான் அடைபட்டுவிட்டதே.

அந்த வருஷம் பள்ளிக்கூடத்துக்குப் பல் டாக்டர் ஒருவர் வந்தார். பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி, டார்ச் அடித்து, வாயைத் திற, மூடு, அடுத்தது, அடுத்தது என்று தள்ளிக்கொண்டிருந்தார். இவளுடைய முறை வந்தது. "வெரி குட், பல்லுன்னா இப்படி இருக்கணும்" என்று மற்ற பிள்ளைகளுக்கு அவளை உதாரணம் காட்டி அனுப்பிவிட்டார். வீட்டுக்கு வந்து அவள் சொன்னதும் அப்பாவுக்கு ஒரே கொண்டாட்டம். படிகளில் தடதடவென்று இறங்கி என்னிடம் ஓடிவந்தார்.

"மச்சான், டாக்டரே ஏமாந்துட்டாரு! டார்ச் அடிச்சுப் பாத்தும் கண்டுபிடிக்க முடியலயாம்!"

அவர் வாழ்க்கையில் அவருக்குக் கிடைத்த விருது அது ஒன்றுதான். நானும் தோளில் தட்டிக் கொடுத்தேன். அந்த டாக்டர் அன்றைக்கு ஏமாறாமல் இருந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும் என்று எங்கள் யாருக்கும் தோன்றவில்லை.

பிள்ளை வளர்ந்தாள், வாயும் வளர்ந்தது. அவ்வப்போது புது அச்சு எடுத்துப் புதுப் பிளேட் செய்தார். பழைய அச்சுகளையெல்லாம் அலமாரியில் வரிசையாக வைத்தார், மற்ற வீடுகளில் பிள்ளைகளின் போட்டோவை வைப்பது போல. கொஞ்ச நாளில் பிளேட் குத்துகிறது என்று அவள் சொல்ல ஆரம்பித்தாள். பல் செட் குத்துகிறது என்று யாராவது திருப்பி அனுப்பினால் இவர் என்ன செய்வார்? குத்துகிற இடத்தில் செட்டைத் தேய்ப்பார். மகளுக்கும் அதையே செய்தார். மறுபடி குத்தியது, மறுபடி தேய்த்தார். பிளேட் நாளுக்கு நாள் மெலிந்து இலை போல ஆனது. இத்தனை வருஷ அனுபவத்தில் வாய் தப்பாக இருக்கலாம் என்று அவர் ஒருமுறைகூட நினைத்ததில்லை. தப்பு எப்போதும் பிளேட்டில்தான் இருக்கும்.

அப்படியே ஒன்பது வயதைத் தாண்டிவிட்டாள்.

ஒருநாள் பிற்பகல் டாக்டரம்மா மாடி ஏறி வந்தார். பல்லுக்காரருக்கு நிறைய வேலை கொடுப்பவர் அவர்தான். அதைவிட நிறையத் திட்டும் கொடுப்பார். ஏதோ ஒரு கேப் உயரமாகிவிட்டது என்று சண்டை போட வந்திருந்தார். நானும் மெஷின் சத்தத்துக்காகச் சண்டை போட வந்து எனக்கு முறை வரட்டும் என்று காத்திருந்தேன். திட்டிக்கொண்டே திரும்பியவரின் கண் அலமாரியில் நிலைத்தது. ஒரு அச்சை எடுத்தார். அடுத்ததை எடுத்தார். கடைசி அச்சை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய், விரலால் முன்பக்க ஈற்றைத் தடவினார்.

"இது எந்தப் பேஷண்ட்?"

பல்லுக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அது... வெளியூர் கேஸ் டாக்டர்."

"இந்தக் கொழந்தைக்கு ஈறுக்குள்ள என்னமோ வளருதே! முதல் அச்சுல ஒண்ணுமில்ல. இதுல லேசா மேடு. இதுல பாருங்க, நல்லா புடைச்சு நிக்குது. ஒரு எக்ஸ்ரே எடுத்துப் பாக்காம பிளேட்டு மேல பிளேட்டா போட்டுட்டிருக்கான். எந்த மடையன் டாக்டர் இத அனுப்பறது?"

"ஆமா டாக்டர், மடையன்தான்" என்றார் பல்லுக்காரர், சன்னமான குரலில்.

"மடையன் இல்ல, அயோக்கியன்! அவன் நம்பர் குடுங்க, நான் பேசறேன். பெத்தவங்களாவது பாத்திருக்க வேண்டாமா? கண்ணு எங்க போச்சு அவங்களுக்கு?"

"கேக்க வேண்டியதுதான் டாக்டர்" என்றார். முகத்தில் ஈயாடவில்லை. நான் கூரையைப் பார்த்தேன்.

அந்த நேரம் பார்த்துப் படியில் காலடிச் சத்தம். புத்தகப் பையோடு மகள் வந்து நின்றாள். "அப்பா, மறுபடி குத்துதுப்பா" என்று சொல்லி, நாக்கால் பிளேட்டை நெம்பித் துப்பி, உள்ளங்கையில் ஏந்தி நீட்டினாள். டாக்டரம்மா அந்தக் கையைப் பார்த்தார், அவள் வாயைப் பார்த்தார், கையிலிருந்த அச்சைப் பார்த்தார், கடைசியாக அவளுடைய அப்பாவைப் பார்த்தார். திட்டுவதற்கு வாய் திறந்தவர் ஒன்றும் சொல்லாமல் மூடிக்கொண்டார். அவர் திட்டாமல் நின்றதைப் பார்த்ததும்தான் விஷயம் பெரிது என்று எனக்குப் புரிந்தது.

அன்று மாலையே டாக்டரம்மாவின் கிளினிக்கில் எடுத்த எக்ஸ்ரேவை நானும் பார்த்தேன். நெகட்டிவ் பார்த்துப் பழகிய கண்ணல்லவா, உடனே புரிந்தது. இடப்பக்கத்து ஈறுக்குள் அரிசி மணிகளைச் சிட்டிகையளவு கொட்டினாற்போல ஒரு குவியல். ஒவ்வொரு மணியும் ஒரு குட்டிப் பல். அதற்கு மேலே, வழி கிடைக்காமல், முழு அளவில் ஒரு முன்பல் சாய்ந்து படுத்திருந்தது.

"இது ஒரு கட்டி" என்று ஆரம்பித்தார் டாக்டரம்மா.

அந்த ஒரு வார்த்தையோடு பல்லுக்காரரின் காது அடைத்துவிட்டது. ஆள் அப்படியே நாற்காலியில் சரிந்தார். தண்ணீர் தெளித்து எழுப்ப வேண்டியிருந்தது. ஊரில் பாதிப் பேரின் தாடையை மடியில் வைத்துக்கொண்டு மதியச் சாப்பாடு சாப்பிடுகிறவர்! என் தங்கைதான் கல்லுப்போல நின்று கேட்டாள். "நீங்க சொல்லுங்க டாக்டர். கெட்ட கட்டியா?"

"இல்லம்மா, பயப்படாதீங்க. பரவாது, உயிருக்கு ஒண்ணும் பண்ணாது. பல்லு உண்டாகுற சதை அந்த எடத்துல கட்டுக்கடங்காம குட்டிக் குட்டிப் பல்லா செஞ்சு குவிச்சிருக்கு. ஏன்னு கேட்டா யாருக்கும் சரியாத் தெரியாது. பிரச்சினை என்னன்னா, நெஜப் பல்லு எறங்கற வழிய மறிச்சு உக்காந்திருக்கு."

"எடுத்துட்டா பல்லு வந்துருமா?"

"வேர் இன்னும் முழுசா முடியல. அதனால தானா எறங்கும்னு நம்பறேன். உறுதியாச் சொல்ல முடியாது. எறங்கலன்னா மறுபடி கீறி, பல்லுல கொக்கி ஒட்டி இழுக்கணும். அதுக்கும் மசியலன்னா எடுத்துட வேண்டியதுதான். அப்புறம் காலம் பூரா இவ வாயில இவங்கப்பா செஞ்ச பல்லுதான்."

வேறு எந்த வாயைப் பற்றி இப்படிச் சொல்லியிருந்தாலும் அவர் பூரித்துப்போயிருப்பார். அன்றைக்கு முகத்தை இரண்டு கைகளாலும் மூடிக்கொண்டார். வீட்டுக்குள் நுழைந்து கதவைச் சாத்தியதும் என் தங்கை ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: "ரெண்டு வருஷமா அவ வாயப் பாத்தீங்களா, உங்க வேலையப் பாத்தீங்களா?" அதோடு அவரிடம் பேசுவதை நிறுத்திவிட்டாள். எனக்கு அவர்மேல் இருந்த ஆத்திரத்துக்கு நாலு அறை விடலாம் போலிருந்தது. அந்த முகத்தைப் பார்த்துவிட்டு எங்கிருந்து அறைவது?

ஆஸ்பத்திரியில் மயக்கம் கொடுத்து ஆபரேஷன் நடந்தது. நல்லபடியாக முடிந்தது. வெளியே வந்த டாக்டரம்மா ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பியைப் பல்லுக்காரரின் கையில் வைத்தார். உள்ளே இருபதுக்கு மேல் குட்டிப் பற்கள். சில கடுகளவு, சில நெல்லளவு. அவர் பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்தார். ஆஸ்பத்திரிக்குப் பூதக்கண்ணாடியோடு வருகிற தகப்பனை நான் அன்றுதான் பார்த்தேன்.

"மச்சான்... ஒவ்வொண்ணுலயும் வேர் இருக்கு மச்சான். மேல மினுமினுப்புகூட இருக்கு" என்றார்.

"உங்க பொண்ணாச்சே. தொழில் எங்க போகும்?" என்றேன். சிரிக்கத்தான் சொன்னேன். குப்பியை இறுகப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதுவிட்டார்.

டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: "உங்க பிளேட்டால ஒரே ஒரு நன்மை, பக்கத்துப் பல்லு சாயாம எடம் இருக்கு. இனிமே அந்த எடத்துல எதுவும் வைக்கக் கூடாது. நான் மாசாமாசம் பாக்கறேன். நீங்க சும்மா இருக்கணும். அது ஒண்ணுதான் உங்க வேலை."

உலகத்தில் அவருக்குத் தெரியாத ஒரே வேலை அதுதான்.

தையல் ஆறி மகள் பள்ளிக்கூடம் போனாள். அதுவரை அது பொய்ப் பல் என்றே யாருக்கும் தெரியாதல்லவா? இப்போது மொத்த வகுப்புக்கும் தெரிந்துவிட்டது. முன்பு வெறும் ஓட்டை என்று கேலி செய்தவர்கள் இப்போது பொய்ச் சிரிப்பு என்றும் சேர்த்துச் சொன்னார்கள். அவ்வளவு அழகாக அவர் செய்யாமல் இருந்திருந்தால் இவ்வளவு அவமானம் வந்திருக்காது. என் ஸ்டூடியோ பக்கமே அவள் எட்டிப் பார்க்கவில்லை. வாயாடியாக இருந்தவள் கையால் வாயைப் பொத்திக்கொண்டு ஒரு வார்த்தை, இரண்டு வார்த்தை பேசினாள்.

ஒருநாள் மேலே பட்டறையிலிருந்து அவள் குரல் கேட்டது. "ஒண்ணே ஒண்ணு செஞ்சு குடுங்கப்பா. ஸ்கூலுக்கு மட்டும் போட்டுக்கறேன். டாக்டர்கிட்ட சொல்லமாட்டேன்."

"கூடாதும்மா."

"உங்களுக்கென்ன, உங்க வாயில பல்லு இருக்கு!"

அவள் அழுதுகொண்டே படியிறங்கிப் போனாள். வெகுநேரம் மெஷின் ஓடவில்லை. எனக்கு என்னவோ போலிருந்தது, ஏறிப் போனேன். மேஜைமேல் விளக்கு எரிந்துகொண்டிருந்தது, மெழுகு உருகிக்கொண்டிருந்தது, பக்கத்தில் அவளுடைய கடைசி அச்சு. செய்யப் போகிறார் என்றுதான் நினைத்தேன். "மாப்ள, வேண்டாம்" என்றேன்.

அவர் வாய்க்குள் விரல் விட்டார். தன்னுடைய முன்பல்லைப் பிளேட்டோடு கழற்றினார். கைக்குட்டையால் துடைத்து, அலமாரியில் அவளுடைய அச்சுகளுக்குப் பக்கத்தில் வைத்தார்.

"அவளுக்கு வர்ற வரைக்கும் எனக்கும் வேண்டாம் மச்சான்" என்றார். பல் இல்லாததால் காற்றோடு வந்தது பேச்சு.

மறுநாள் காலை மகளைப் பள்ளிக்கூட வாசல்வரை கொண்டுபோய் விட்டு, எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் வாய் நிறையச் சிரித்தார். என் தங்கை தலையில் அடித்துக்கொண்டாள். ஆனால் அன்றிலிருந்து அவரோடு பேச ஆரம்பித்துவிட்டாள். தெருவே மூக்கின்மேல் விரல் வைத்தது. பல்லுக்காரர் வாயிலேயே பல் இல்லை என்றால் சும்மா இருப்பார்களா? புதிதாக வந்த ஒரு டாக்டர் படியேறி வந்து, இவர் சிரித்ததைப் பார்த்துவிட்டு, அப்படியே திரும்பி இறங்கிப் போனார். "பல்லுக்காரரே, உங்க பல்லுக்கு ஆர்டர் குடுக்க எங்க போவீங்க?" என்று டீக்கடையில் கேட்டார்கள். அவர் எல்லாவற்றுக்கும் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்க்கச் சகிக்காது, உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். ஒரு வருஷம் எங்களை ஏமாற்றிய சிரிப்பைவிட எனக்கு அதுதான் பிடித்திருந்தது.

மகள் முதலில் வெட்கப்பட்டாள், பிறகு கோபப்பட்டாள், பிறகு இருவரும் யார் ஓட்டை வழியாகத் தண்ணீரைத் தூரமாகத் துப்புவது என்று கொல்லையில் போட்டி போட ஆரம்பித்தார்கள். கையை வாயிலிருந்து எடுத்தாள். ஸ்டூடியோவுக்கு வந்து வாடிக்கையாளர்களை மறுபடி அதட்டினாள். தினமும் காலையில் அப்பா அவள் ஈற்றை டார்ச் அடித்துப் பார்ப்பார். ஒன்றும் இருக்காது. "இன்னிக்கு இல்ல" என்பார். மழைக்காலம் போய் வெயில் வந்தது, பிறகு மறுபடி மழையும் வந்தது. கொக்கி போட்டு இழுக்கத் தேதி பார்க்கலாமா என்று டாக்டரம்மாவே யோசிக்க ஆரம்பித்திருந்தார்.

ஒரு காலை மேலேயிருந்து பெருஞ்சத்தம். மெஷின் இல்லை, பல்லுக்காரர். "மச்சான்! மச்சான்! முனை தெரியுது மச்சான்!"

முழுசாக இறங்கி முடிந்ததும் போட்டோ எடுக்க இரண்டு பேரும் வந்து நின்றார்கள். அவருடைய பழைய பல் இன்னும் அலமாரியில்தான் கிடந்தது. மாட்டிப் பார்த்தாராம், சேரவில்லையாம். போடாமல் விட்டதில் பக்கத்துப் பற்கள் நகர்ந்து இடத்தைப் பிடித்துக்கொண்டுவிட்டன. புதிதாகச் செய்ய வேண்டும், அதற்கு நேரமில்லை, டாக்டரம்மா ஆர்டர் நெருக்குகிறது என்றார்.

"உங்க ஓட்டைய நான் கம்ப்யூட்டர்ல அடைச்சிடறேன் மாப்ள, ஒரு நிமிஷ வேலை" என்றேன்.

"இருக்கட்டும், விடுங்க" என்றார். அவர் வாயிலிருந்து அந்த வார்த்தை!

கேமரா வழியாகப் பார்த்தேன். மகள் பற்கள் எல்லாம் தெரியச் சிரித்தாள். புதுப் பல் பெரிதாக, முனையில் ரம்பம் போல நெளிநெளியாக, கொஞ்சம் உள்ளே திரும்பி இருந்தது. அவர் சும்மா நிற்பாரா? குனிந்து, தலையைச் சாய்த்து, அந்தப் பல்லையே உற்றுப் பார்த்தார்.

"ஒரு மயிரிழை திரும்பிருக்கு மச்சான். ஷேடும் பக்கத்துப் பல்லோட ஒட்டல. புள்ளியும் இல்ல. நான் மட்டும் இப்படிச் செஞ்சு அனுப்பிருந்தேன்னா, டாக்டரம்மா மூஞ்சிலயே விட்டெறிஞ்சிருப்பாங்க."

"அதான் நீங்க செய்யலையேப்பா" என்றாள் மகள்.

அவர் நிமிர்ந்து கேமராவைப் பார்த்தார். நான் அழுத்திவிட்டேன்.